மச்சானில் சில திருத்தங்கள்

துபாய்க்குப் போகிறவர்கள் இப்போதெல்லாம் பயண நிறுவனம் தரும் மெய்நிகர்க் கண்ணாடியை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு பயணத்தை ஒத்திகை பார்த்துவிடுகிறார்கள். கீழக்கரை ஜுலைஹாவும் பார்த்தாள். துபாயில் வேலை பார்க்கும் அவள் கணவர் ஹனீபா, ஒத்திகையில் விமான நிலைய வாசலில் பூங்கொத்தோடு நின்றார். "வா ஜுலைஹா, பயணம் சுகமா?" என்று கேட்டு, நேராகக் காருக்கு அழைத்துப் போனார்.

அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

"இது எங்க மச்சானே இல்லம்மா," என்றாள் பயண நிறுவனத்துப் பெண்ணிடம். "அவரு லேட்டாத்தான் வருவாரு. கார எங்க விட்டோம்னு தேடுவாரு. நான் கிண்டிக் கொண்டுபோற தொதல் அல்வாவ அங்கனயே நின்னு திம்பாரு. அதையெல்லாம் போடுங்க."

"எல்லாரும் குறையை எடுக்கத்தான் சொல்லுவாங்க. நீங்க சேக்கச் சொல்றீங்களேக்கா!"

சேர்த்தார்கள். அந்த மச்சானோடு ஆசைதீரச் சுற்றினாள், ஆசைதீரத் திட்டினாள்.

நிஜமாகவே போய் இறங்கியபோது வாசலில் பூங்கொத்து. தலையில் புதுச் சாயம். "வா ஜுலைஹா, பயணம் சுகமா?"

கண்ணாடியைக் கழற்ற அவள் கை முகத்துக்குப் போனது. முகத்தில் கண்ணாடி இல்லை.

"யாரு மச்சான் இப்படிப் பேசச் சொன்னா?"

"கூப்பிட வர்றவங்களுக்கும் ஒத்திகை இருக்கு புள்ள. இப்படிச் சொன்னப்ப அதுல நீ சிரிச்சே."

அவள் சிரிக்கவில்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தாள். கார் நிறுத்துமிடத்தில் ஹனீபா நின்றார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், சாயம் பூசிய தலையைச் சொறிந்தார்.

"புள்ள... கார எந்த மாடில விட்டேன்?"

ஜுலைஹா அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்து, தொதல் டப்பாவைத் திறந்தாள்.