தொட்டதும் திறக்கும் போன்

"ஒரே கடை, ஒரே நாள், ஒரே நீலம். அப்புறம் அவ போன் மட்டும் எப்படி மாமி பறக்குது?"

நுஹா கேட்டதும், முலூகியா கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் உம்மு வசீம் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"எவ போன்?"

"உங்க சின்ன மருமக போன்தான். வேற எவ?"

பெருநாளுக்கு இரண்டு மருமகள்களுக்கும் ஒரே மாதிரி போன் வாங்கிக் கொடுத்திருந்தாள் உம்மு வசீம். அவள் அப்படித்தான். இரண்டாம் மாடியில் இருக்கும் நுஹாவுக்கு ஒரு தட்டு கத்தாயிஃப் பலகாரம் போனால், மூன்றாம் மாடியில் இருக்கும் ஹனீனுக்கும் ஒரு தட்டு போகும். எண்ணிக்கைகூட மாறாது.

நுஹா இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருடம். தொட்டில் கட்டும் பாக்கியம் இன்னும் வாய்க்கவில்லை. ஹனீன் வந்து எட்டே மாதம். மாமியார் தராசில் தன் தட்டு ஒரு நூல்கூட இளைத்துவிடக் கூடாது என்று நுஹா கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்தச் சமம் ஒன்றுதான்.

"இதப் பாருங்க." தன் போனைத் தொட்டாள். போட்டோக்கள் இருக்கும் கட்டம் மெல்ல எழுந்து, விரிந்து, ஆடி அசைந்து திறந்தது. "கல்யாண மேடைக்கு மணப்பொண்ணு வர்ற மாதிரி வருது. அவளோடது தொட்டா போதும், டக்குனு வந்து நிக்குது. உங்க தங்கச்சி மககூட, 'ஹனீன், புதுப் போனா'ன்னு கேட்டா. என்கிட்ட ஒருத்தி கேக்கல."

"அழகாத்தானே வருது? அவசரமா எங்க போகப் போற?"

"போன வாரம் வரைக்கும் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது மாமி. கொழுந்தன் யாருக்கும் தெரியாம நல்லதா மாத்திக் கொடுத்திருக்கார். அவ அதுக்கு ஒரு சூரியகாந்தி உறையப் போட்டு மூடிட்டா. எனக்கென்ன கண்ணு இல்லையா?"

"அவகிட்டயே கேளேன்."

"கேக்காமலா? நேத்து பக்கத்துல போய் உட்கார்ந்து, என் போன அவ முகத்துக்கு நேரா பிடிச்சு, மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிக் காட்டினேன். 'பாரு ஹனீன், எப்படி இழுக்குதுன்னு.' மகாராணி முகத்தத் திருப்பிக்கிட்டா! முக்காட்டு நுனியால வாயப் பொத்திக்கிட்டு எழுந்து போயிட்டா. சிரிப்ப அடக்க முடியல போல."

உம்மு வசீம் கடைசிக் காம்பையும் கிள்ளிப் போட்டாள். "சின்னப் பொண்ணு, விடு" என்றாள்.

விடுகிற ஆளா நுஹா? வெயில் தாழ்வதற்குள் அபாயா அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பல்கலைக்கழகத் தெருவில் தடுக்கி விழுந்தால் போன் கடைதான். ஆனால் தங்கள் படங்கள் இருக்கும் போனை ஆண்கள் கையில் கொடுக்க யோசிக்கும் பெண்களுக்கென்று இருந்தது ரூலாவின் கடை ஒன்றுதான். ரூலா நல்ல வேலைக்காரி. கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

"ரொம்ப இழுக்குது ரூலா. எனக்குத் தொட்டதும் திறக்கணும். நடுவுல எழும்புறது, விரியறது, வழுக்கிக்கிட்டுப் போறது எதுவும் இருக்கக் கூடாது."

ஓரகத்தியைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. தன் வயிற்றெரிச்சல் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டுமா என்ன?

ரூலா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"அட, அதுவா! கொடுங்க அக்கா. ஒரு நிமிஷ வேலை."

எதையோ திறந்தாள், எதையோ ஒன்றைத் தள்ளினாள், போனைத் திருப்பிக் கொடுத்தாள். நுஹா தொட்டாள். டக். போட்டோக்கள் வந்து நின்றன. மூடினாள், மறுபடி தொட்டாள். டக்.

"உள்ள என்ன மாத்தின?"

"எதையும் மாத்தல. வேகம் அதேதான். நடுவுல இருந்த ஆட்டத்த நிறுத்திட்டேன், அவ்வளவுதான்."

நுஹாவின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அப்படியானால் ஹனீன் வைத்திருப்பதும் அதே போன்தான்! யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை, ஓரவஞ்சனை இல்லை. இன்று சாயங்காலமே அவள் எதிரில் உட்கார்ந்து, இதைத் திறந்து திறந்து மூட வேண்டும். இனி அவள் எப்படிச் சிரிக்கிறாள் என்று பார்த்துவிடலாம்.

ரூலா புதினா டீயைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"போன வாரம் இதே நீலப் போனோட ஒரு பொண்ணு வந்தா அக்கா. பேர் சொல்ல மாட்டேன், சத்தியம் பண்ணியிருக்கேன். சூரியகாந்தி உறை. திரை நகர்றதப் பார்த்தாலே தலை சுத்தி வாந்தி வருதுன்னு அழுதா. என் கடை வாசல்லயே எடுத்துட்டா, பாவம். கண் பட்டுடும்னு மூணு மாசம் முடியற வரைக்கும் வீட்டுல மூச்சுக்கூட விடலையாம். அதவிட, அவ ஓரகத்தி அஞ்சு வருஷமா ஏங்கிக்கிட்டு இருக்காங்களாம். அவங்க மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னுதான் இவளுக்குத் தூக்கமே இல்லையாம்."

நுஹாவின் விரல் போன் மேல் அப்படியே நின்றது.

ரூலா குவளையை அவள் பக்கம் நகர்த்தினாள். "குடிங்க, குமட்டலுக்கு நல்லது. மசக்கைக்காரங்க எல்லாரும் இந்த ஆட்டத்த நிறுத்தத்தான் என்கிட்ட வராங்க. அது சரி, உங்களுக்கு இது எத்தனாவது மாசம் அக்கா?"