தளபதியின் தூக்கம்

கலர் கட்டைகள் விற்கும் பொம்மைக் கம்பெனியின் டிவி தொடருக்கு ஒரே சட்டம்தான். மாலை ஏழு மணிக்குள் வீட்டில் தளபதி பொம்மையை வைத்து எதைக் கட்டுகிறோமோ, அதுதான் அந்த வீட்டு டிவியில் அன்றைய கதை. பாதியில் ஒரு கட்டையை எடுத்தாலும் கதை மாறிவிடும்.

அகல்யாவின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. அதனால் பத்து நாளாக அவள் அம்மா செவ்வந்திதான் கட்டிக்கொண்டிருந்தாள், பஸ்ஸில் எட்டு மணி நேரம் நின்று டிக்கெட் கொடுத்துவிட்டு வந்து.

"இன்னைக்காவது கோட்டை கட்டும்மா. நேத்து நம்ம தளபதி வெறும் சுவத்துகிட்ட நின்னாருன்னு சொன்னேன், கிளாஸே சிரிச்சுது."

"கட்டறேன்டி."

ஏழடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. செவ்வந்தியின் கைகள் தாமாகவே ஒரு கட்டிலைக் கட்டின. தளபதியை அதில் படுக்க வைத்தன. பழக்கத்தில், தலைமாட்டில் ஓர் அலாரக் கட்டையையும் வைத்தன.

டிவியில் தளபதி குறட்டை விட்டார். வேறு எதுவும் நடக்கவில்லை.

"என்னம்மா இது? நாளைக்கு நான் என்னத்தச் சொல்றது?"

அகல்யா திரும்பிப் பார்த்தாள். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், சுவரில் சாய்ந்தபடி செவ்வந்தி தூங்கிப்போயிருந்தாள்.

திரையில் அலாரம் அடிக்கத் தொடங்கியது. அகல்யா இடது கையால் அந்த அலாரக் கட்டையை நெம்பி எடுத்தாள். சத்தம் நின்றது. தளபதி புரண்டு படுத்தார்.