எங்கேயும் போகாத ஃபைல்

லோஷினி மோடத்தின் வயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டாள். "போதுமா? இப்ப இந்த வீட்டுல இன்டர்நெட் இல்ல" என்றாள்.

அவள் கணவன் ரூபேந்திரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் கேட்டதே அதைத்தான்.

"இப்ப பாரு. லைன் இல்லாமலே என் கருவி ஓடுது. ஃபைல் உன் லேப்டாப்புலயே, பிரவுசருக்குள்ளயே வேலை முடிஞ்சு வந்துடும். எங்கேயும் போகாது. யாரும் பாக்க முடியாது."

வேலையை விட்டுவிட்டு, மாசாய் என்ற ஊரில் இருக்கும் தங்கள் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து அவன் செய்த கருவி அது. ஃபைல்களை ஒன்றாகச் சேர்க்கும், சுருக்கும், மறைக்க வேண்டியதைக் கறுப்படிக்கும். இணையத்தில் அதைத் தேடி யார் வந்தார்கள் என்று மட்டும் கண்காணிக்காது. அதனால் யாராவது வந்தார்களா என்பதே அவனுக்குத் தெரியாது. யாரும் இறங்காத ஸ்டேஷனில் விளக்கைத் துடைத்துத் துடைத்து ஏற்றும் ஸ்டேஷன் மாஸ்டர் போலக் காத்திருந்தான்.

பழையபடி விடியுமுன் மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதா, வீட்டிலிருந்து இதையே நடத்துவதா என்பது இன்று முடிவாக வேண்டும். "உண்மையான வேலை ஒண்ணைப் போட்டுப் பாக்குறேன், அப்புறம் சொல்றேன்" என்றிருந்தாள் லோஷினி. பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை; அங்கே ஆட்களின் ஐசி என்கிற அடையாள அட்டை, சான்றிதழ் எல்லாம் அவள் கையில்தான்.

"என்ன ஃபைலு?" என்று எட்டிப் பார்த்தான்.

அவள் லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். "அலமாக்! யாரும் பாக்க முடியாதுன்னு இப்பதானே சொன்னீங்க? செஞ்சவரே எட்டிப் பாக்குறாரு!"

அவனுக்கு வெட்கமாகிவிட்டது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். மூக்குக்கு நேரே காலண்டரில் முருகன் சிரித்தார்.

"ஒருத்தரோட பேப்பருங்க. எல்லாத்தையும் ஒண்ணாச் சேக்கணும்."

"மேல மூணாவது பட்டன்" என்றான் முருகனிடம்.

"போட்டோ தலைகீழா நிக்குது. இப்படிப் பாத்தாக் கொஞ்சம் லட்சணமாத்தான் இருக்கு. இருந்தாலும் திருப்பணும்."

"வளைஞ்ச அம்புக்குறி இருக்கும், அதை அமுக்கு. பாவம், யாரு அது?"

"கேக்கலாமா?"

"கேக்கக் கூடாது. சாரி லா."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள், "இந்த ஆளு ரெண்டு வருசமா எங்கேயும் வேலைக்குப் போகலைங்க. அந்த இடத்தைக் கறுப்படிச்சிடவா?" என்றாள்.

"ஐயோ, வேணாம்! கறுப்பப் பாத்தாதான் சந்தேகம் வரும். சொந்தத் தொழில்னு எழுதிக்கோ. கேக்க மரியாதையா இருக்கும்." அவன் முருகனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "இப்படியும் ஆளுங்க இருக்காங்க பாரு."

"ஆமாங்க, இருக்காங்க. ஃபைல் ரொம்பப் பெருசா வந்துடுச்சே, இவ்வளவு பெருசா அனுப்புனா அங்க வாங்க மாட்டாங்களாம்."

"சுருக்கு! அதுக்குத்தானே ராத்திரி பகலா உக்காந்தேன்."

"அட!" என்றாள் லோஷினி.

கல்யாணமான நாளிலிருந்து அவனால் அவள் வாயிலிருந்து ஓர் 'அட' வந்ததில்லை. சுவரைப் பார்த்தபடியே நெஞ்சை நிமிர்த்தினான். "எப்படி இருக்கு?"

"சத்தியமா நல்லா இருக்குங்க. வேலைக்கு ஆகுது."

அவன் கண் கலங்கியது. பாலத்து நெரிசல், ஹெல்மெட்டுக்குள் வழியும் வேர்வை, சூப்பர்வைசரின் உறுமல் எல்லாம் யாரோ ஒருவர் தூர தேசத்தில் பட்ட பாடாகத் தோன்றியது.

"கடைசியா ஒண்ணு. இதுலயே கையெழுத்துப் போட முடியுமா?"

"போலே, போலே! தாராளமா முடியும், விரலாலயே போடலாம். ஆனா நீ போடக் கூடாது லோஷி. அந்த ஆளே வந்து போடணும். அதுல நான் ரொம்பக் கண்டிப்பு."

"வர மாட்டேன்னு அடம்பிடிச்சா?"

"பிடிச்சு இழுத்துட்டு வா. அந்த மனுசனுக்காக நாம ரெண்டு பேரும் இங்க மண்டைய ஒடைச்சுக்கிறோம், ஒரு கையெழுத்துப் போட அவனுக்கு என்ன கேடு?"

மோடத்தில் வயர் மறுபடி சொருகப்படும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி அவனுடைய நாற்காலி, அவன் உட்கார்ந்திருக்கும்போதே, கரகரவென்று லேப்டாப் பக்கம் திரும்பியது. திரையில் அவனுடைய போட்டோ.

"போடுங்க, சிங்கப்பூர் கம்பெனிக்காரன் காத்துக்கிட்டு இருக்கான்."