பதினாலாம் எண் மேடு

பதினாலாம் எண் மேட்டில் மண் புதிதாகக் கிளறப்பட்டிருந்தது.

நெரிடா முதுகுப்பையைக்கூடக் கழற்றாமல் முழங்காலிட்டாள்.

"வந்துடுச்சு கிளெம். நாலு வருஷம் கழிச்சு வந்துடுச்சு!"

அவள் குரல் அப்படி உடைந்து கிளெம் கேட்டதில்லை. ஆறு வருடங்களுக்கு முன் விவாகரத்துத் தாளில் கையெழுத்திட்ட அன்றுகூட அது சீராகத்தான் இருந்தது.

நாலா பக்கமும் கோதுமை வயல். நடுவில், டிராக்டருக்குத் தப்பிய நாற்பது ஹெக்டேர் புதர்க்காடு. மாலிக்கோழிகள் இங்கே மண்ணையும் சருகையும் முழங்கால் உயரத்துக்குக் குவித்து, சருகு மக்கும் சூட்டில் முட்டையைப் பொரிய விடும். அக்டோபர்தோறும் அந்த மேடுகளைப் பார்த்துப் பதிவது இவர்கள் இருவரின் பொறுப்பு. கணக்கெடுப்புக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது என்பது பறவைச் சங்கத்தின் விதி.

பிரிந்தபோது வீடு, வண்டி, நாய் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். சங்கத்தின் தாளில் சேர்ந்தே இருந்த இரண்டு பெயர்களைப் பிரிக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அவள் பெண்டிகோ நகரத்திலிருந்து நான்கு மணி நேரம் ஓட்டி வருவாள். அரை நாள் காட்டைச் சுற்றுவார்கள். பிறகு வெஜிமைட் தடவிய ரொட்டியை அவரவர் வண்டியில் உட்கார்ந்து தின்றுவிட்டுக் கிளம்புவார்கள். மிச்ச வருடத்தை அந்த அரை நாளை வைத்துத்தான் கிளெம் ஓட்டிக்கொண்டிருந்தான்.

பறவை கைவிட்ட மேடுகள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து போய், பதினேழில் மிஞ்சியது இது ஒன்று. தொடர்ந்து ஐந்து வருடம் தடயமில்லை என்று பதிவானால் இதுவும் போகும். கிளெமின் கணக்குப்படி இது ஐந்தாவது வருடம்.

நெரிடாவின் விரல் மண்ணில் ஒரு கோட்டின்மேல் நின்றது. அடுத்த கோட்டுக்குப் போனது. அதற்கும் அடுத்ததற்கு.

எல்லாம் ஒரே இடைவெளி.

மூன்று விரல் தடம் எங்கேயும் இல்லை. பறவை எத்தியிருந்தால் சிதறிக் கிடக்க வேண்டிய சருகு, ஓரமாக ஒழுங்காக வாரி வைக்கப்பட்டிருந்தது.

அவள் திரும்பினாள். கிளெம் பருந்தைப் பார்ப்பவன்போல வானத்தைப் பார்த்து நின்றான். வானத்தில் பருந்து இல்லை.

"தோட்டத்துல சருகு அள்ளுற வாரியா?"

அவன் கண் வானத்தைவிட்டு இறங்கவில்லை.

"சொல்லு. நம்ம பச்சைப் பிடி வாரிதானே?"

"பிடி மாத்திட்டேன்."

"ஆம்பளைப் பறவைதான் மாசக்கணக்கா கிளறிட்டுக் கிடக்கும்னு தெரியும். நீ எப்பலேர்ந்து ஆரம்பிச்ச?"

சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தான். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"நான் நம்பிட்டேன் கிளெம். ஒரு நிமிஷம் நிஜமாவே நம்பிட்டேன்."

முந்தின நாள் வாரியை எடுத்து வந்தபோது அவன் என்னென்னவோ யோசித்திருந்தான். தன் பூட்ஸ் தடத்தைக்கூட ஒரு கிளையால் துடைத்திருந்தான். அவள் இவ்வளவு சந்தோஷப்படுவாள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"இங்க பறவை இருக்குன்னு எழுதினா, முட்டையைத் திங்கிற நரிக்கு வைக்கிற விஷத்தை இங்க கொண்டுவந்து கொட்டுவாங்க. நிஜமா பறவை இருக்கிற காட்டுக்கு என்ன மிஞ்சும்? முப்பது வருஷமா எண்ணுறோம். ஒரு பொய்யை எழுதினா அத்தனையும் குப்பை. உனக்குத் தெரியாதா?"

தெரியும். இந்த மேடு போனால் நீ வர மாட்டாய் என்பதும் தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அவள் செல்போனை அவன் கையில் திணித்தாள். படிவத்தை நிரப்புவது எப்போதும் அவள்தான்.

"நீயே போடு. உன் கையாலயே போடு."

சொல்லிவிட்டுக் காட்டின் ஓரம்வரை நடந்து, கோதுமையைப் பார்த்தபடி முதுகு காட்டி நின்றாள்.

கிளெம் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். கால்தடம்: இல்லை. முட்டை ஓடு: இல்லை. இறகு: இல்லை. கடைசிப் பொத்தானின்மேல் கட்டைவிரல் கொஞ்ச நேரம் நின்றது. அழுத்தினான்.

பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது என்ற வரிக்காகக் காத்திருந்தான்.

வந்தது வேறு. 'தொடர்ந்து தடயமில்லாத வருடங்கள்: 1.'

ஏதோ கோளாறு என்று நினைத்துப் பழைய பதிவுகளைத் திறந்தான்.

சென்ற அக்டோபர். புதிய இறகு, ஒன்று. மேட்டின் வடக்கு ஓரம்.

சென்ற அக்டோபரில் அவனும் பக்கத்தில்தான் இருந்தான். இருவரும் மண்டியிட்டு ஒரு சருகு விடாமல் புரட்டிப் பார்த்தார்கள். இறகு எதுவும் இருக்கவில்லை.

பதிந்தவர்: நெரிடா.

"போட்டாச்சா?" அவள் திரும்பாமலே கேட்டாள்.

"போட்டாச்சு."

"என்ன வந்துச்சு?"

கிளெம் செல்போனை அணைத்தான்.

"இன்னும் நாலு வருஷம் இருக்காம்."

அவள் திரும்பவில்லை. தொப்பிக்குக் கீழே அவள் கழுத்து மட்டும் மெல்லச் சிவந்தது.