மிதிக்காத வாசல்

அதே பச்சைக் கேட்டுக்கு எதிரில் என் சைக்கிளின் செயின் மறுபடியும் கழன்று தொங்கியது.

முன்னால் போன இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னக்கா, ஊரெல்லாம் ஒழுங்கா வருது, இங்க வந்தா மட்டும் கழண்டுக்குது?" என்றார் பல் டாக்டர், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி. "பல்லா இருந்தா கம்பி போட்டு இழுத்துக் கட்டிருவேன்."

தையல்காரம்மா சிரித்த சிரிப்பில் அவளுடைய சைக்கிளே ஆடியது.

"நீங்க போய்க்கிட்டே இருங்க. மாட்டிட்டு வந்துடறேன்" என்றேன்.

அவர்கள் தெருமுனையில் திரும்பி மறைந்தார்கள்.

தினமும் காலையில் நாங்கள் மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து உருப்படியாக ஒரு முழங்கால் கிடையாது. நடந்தால்தான் வலி, மிதித்தால் இல்லை. கொஞ்சம் வேகமெடுத்து முகத்தில் காற்று அடிக்கும்போது வயதைப் பற்றி யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது என்னை அக்கா என்று கூப்பிட ஊரே இருக்கிறது. காய்கறிக் கடைக்காரர், மாடி வீட்டுப் பெண், அவளுடைய கணவன், அறுபதைத் தாண்டிய இந்தப் பல் டாக்டர்.

கூடப்பிறந்தவள் மட்டும் கூப்பிடுவதில்லை.

அவள் அந்தப் பச்சைக் கேட்டுக்குள் இருக்கிறாள்.

அம்மா போன பிறகு அப்பா யார் வீட்டில் இருப்பது என்று ஆரம்பித்து, அப்பாவுக்கு யார் செல்லம் என்பதில் போய் நின்ற சண்டை. அப்பாவைத் தூக்கிய அன்றுகூட ஆளுக்கொரு மூலையில் அழுதோம். அதற்கப்புறம் சண்டை போட எங்களுக்குக் காரணமே இல்லை. ஆனாலும் விடவில்லை.

"இனிமே என் வாசல மிதிக்காதே" என்றாள் அன்றைக்கு.

"மிதிச்சா ஏன்னு கேளு" என்றேன் நான்.

பிறகுதான் எனக்கு முழங்கால் வலி வந்தது. தினமும் சைக்கிள் மிதிக்கச் சொன்னார் எலும்பு டாக்டர். மிதிக்கச் சொன்னவர் பேச்சையும் மிதிக்காதே என்றவள் பேச்சையும் இதுவரை தட்டாமல் இருக்கிறேன்.

ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பக்கத்தில் மெல்லக் குந்தினேன். இங்கிருந்து பார்த்தால் கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே கொஞ்சம் வீடு தெரியும். வாசலில் ஒற்றை ஜோடிச் செருப்பு, இடது குதிகால் மட்டும் தேய்ந்தது. கொடியில் ஒரு முழங்கால் பட்டை காய்கிறது. என்னுடையதைப் போலவே சாம்பல் நிறம். முழங்கால் எங்கள் இருவருக்கும் அம்மா கொடுத்தது. வீம்பு அப்பாவுடையது.

மதில்மேல் அவளுடைய பூனை படுத்திருந்தது. என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. இந்த வீட்டில் என்னை நன்றாகத் தெரிந்த ஒரே ஜீவன்.

பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினேன். செயின் ஒவ்வொரு பல்லாகப் பிடித்து ஏறி உட்கார்ந்தது. விரலெல்லாம் கரி.

வழக்கமாகத் தெருவோரப் புல்லில் கையைத் தேய்த்துவிட்டுக் கிளம்புவேன். மிச்சக் கரி எப்படியும் நெற்றிக்குப் போய்விடும். தையல்காரம்மா பார்த்துவிட்டு அதற்கும் சிரிப்பாள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மண்ணெண்ணெய்.

கேட்டில் ஒரு பழைய துணி தொங்கியது. நேற்றும் தொங்கியது. கேட்டைத் துடைத்துவிட்டு மறந்து போட்டது என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் அது கம்பியின் வெளிப்பக்கம் தொங்கிற்று. வாசலை மிதிக்காமலே கை எட்டும் இடத்தில்.

மண்ணெண்ணெயில் நனைத்த துணி வெகுநேரம் ஈரமாக இருக்காது. இது சொட்டிக்கொண்டிருந்தது.

எடுத்தேன். ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். வேண்டுமென்றே மெதுவாக.

ஜன்னல் திரை லேசாக விலகியது.

"ஏய் பூனை, பார்த்தியா? ரெண்டு நாளா தொங்குது, இன்னிக்குத்தான் சில பேரு கண்ணுல படுது. நெத்தியில கரியோட ஊர்வலம் போறதுல அப்படி என்னதான் பெருமையோ!"

பூனை என் பக்கத்தில் மதில்மேல் இருந்தது. அவள் பேசியது வீட்டுக்குள்ளிருந்து.

சின்ன வயதிலும் இப்படித்தான். என்னோடு கா விட்டுவிட்டால் சுவரிடம்தான் பேசுவாள். "சுவரே, என் ரிப்பன் எங்கேன்னு கேட்டுச் சொல்லு." சுவருக்காக நான் பதில் சொல்வேன். சாயங்காலத்துக்குள் சுவருக்கே அலுத்துப்போய், அக்கா என்று வந்து மேலே விழுவாள்.

பூனைக்காகவும் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அதற்குள் தெருமுனையிலிருந்து மணி அடித்தது. "அக்கா, ஆச்சா?" என்றார் பல் டாக்டர்.

ஆகிவிட்டது. செயின் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கையில் ஒரு பொட்டுக் கரி இல்லை. துணியை இருந்த இடத்திலேயே மாட்டினேன். கிளம்ப வேண்டியதுதான்.

திரை இன்னும் மூடவில்லை.

மறுபடியும் குந்தினேன். தினமும் மதில் மறைவில் செய்வதை இன்று அவள் கண்ணெதிரிலேயே செய்தேன்.

செயினுக்கு அடியில் விரலைக் கொடுத்து, நெம்பி, கழற்றிவிட்டேன்.