கெட்டிக்காரன்

ராக்காயி காலையில் ஆஸ்பத்திரியில் வாங்கிவந்த குளிசையைக் கரண்டியின் அடியால் நசுக்கித் தேத்தண்ணிக்குள் போட்டாள்.

நாக்கில் தொட்டுப் பார்த்தாள். சீனியை அள்ளிப் போட்டும் கசப்புப் போகவில்லை.

பூநகரியில் மகள் வீட்டுக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்த பக்கத்து வளவுத் தங்கம்மா, குசினி வாசலில் திகைத்து நின்றாள்.

"என்ன ராக்காயி, உவன் திரும்பவும் தலையைச் சுவரில இடிக்கத் தொடங்கிட்டானோ?"

"இல்லக்கா. இப்பல்லாம் அவன் தங்கம்."

அது உண்மைதான்.

தேயிலைத் தோட்டத்தை விட்டு அக்கராயனுக்கு வந்த புதிதில், உழவு மெஷின் சத்தம் கேட்டாலே மகன் மூக்கன் தலையைச் சுவரில் மோதுவான். வளர்ந்த பிள்ளை. பிடிக்க இரண்டு ஆண்கள் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் குளிசை தந்தார்கள். மோதுவது நின்றது. சிரிப்பும் நின்றது. அம்மா என்று கூப்பிடுவதும் நின்றது. எச்சில் ஒழுகப் பாயில் கிடந்தான்.

ஒருநாள் குளிசைகளை அடுப்பில் போட்டுவிட்டு, அவனையே பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினாள். கையில் கிணற்றுக் கயிறு இருக்கும்போது மட்டும் எந்தச் சத்தமும் அவனை ஒன்றும் செய்யவில்லை.

சத்தம் கேட்டால் கிணற்றடி. வாளியை விடு, இழு, வாழைக்கு ஊற்று. ஊற்றி முடிய, கன்னத்தைத் தட்டி "கெட்டிக்காரன்" என்பாள்.

அதைப் பழக்க இரண்டு மாரி போயிற்று. பிறகு இடி இடித்தாலும் தானாகவே எழுந்து போனான்.

மூக்கன் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தான். முகம் சுருங்கியது. பிறகு அவள் வாயையே பார்த்தான், அந்தச் சொல்லுக்காக.

நேற்றும் அப்படித்தான் பார்த்தான்.

நேற்று ஹெலிகொப்டர் தாழப் பறந்து சுட்டபோது எல்லோரும் பங்கர்க் குழிக்குள் குதித்தார்கள். மூக்கன் அழவில்லை, தலையை மோதவில்லை. வெட்டவெளியில் கிணற்றடிக்கு நடந்தான்.

வெளியே பாயப் போனவளை யார் யாரோ அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். தொண்டை கிழியக் கத்தினாள். அவனுக்குப் பக்கத்தில் ஒரு வாழை முறிந்து விழுந்தது. அதன் அடிக்கும் ஒரு வாளி ஊற்றிவிட்டு, அவள் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

கிணற்றை மறக்கவைத்துப் பங்கரைப் பழக்க இன்னும் எத்தனை மாரி வேண்டுமோ. ஹெலி நாளைக்கே வரும்.

ராக்காயி அவன் கன்னத்தைத் தட்டினாள்.

"கெட்டிக்காரன்."

மூக்கன் சிரித்தான். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்வரை அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.