கோல்ஃப் பயணம்

ஓவசியர் ஏரம்பு கடிதத்தை மடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“கோல்ஃப் விளையாட வெளிநாட்டுப் பயணம். பங்குனியிலை கப்பல். ரிக்கற்றும் எடுத்தாச்சு.”

“தொப்பி, சப்பாத்து?” மனைவி விமலேஸ்வரி பரபரத்தாள்.

“எல்லாம் பெட்டியிலை அடுக்கியாச்சு.”

“எனக்குச் சொல்லாமலோ? அப்ப வயலிலை நெல்லு அரிவி வெட்டை ஆர் பாக்கிறது?”

“நான்தான். பயணம் எனக்கில்லையப்பா. ஸ்கொட்லாந்திலையிருந்து எங்கடை பழைய துரை கிளிநொச்சிக்கு வாறார். பந்தை அடிச்சு விழுத்தப் பதினெட்டுக் குழியோடை இஞ்சை ஒரு மைதானம் இருக்கெண்டு நான்தான் புளுகி எழுதினனான்!”

விமலேஸ்வரி கொஞ்சம் யோசித்தாள்.

“அவர் வந்து இறங்கேக்கை வெட்டு முடிஞ்சிடும். எங்கடை வயலிலை எலி வளை நூறு கிடக்கு. பதினெட்டை விட்டிட்டு மிச்சத்தை அடையுங்கோ.”